பல்கலைக்கழகக் கட்டடங்களில் கல்நார்க் கண்காணிப்பு: பாரிஸ் ஜூசியூ வளாகத்தை முன்வைத்து

முன்னுரை

ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கிரேக்க வழிச் சொல்லைவிடக் கல்நார் என்னும் தமிழ்ச்சொல் அப்பொருளின் இயல்பைத் தெளிவாக உணர்த்துகிறது. கல்லாக வெட்டியெடுக்கப்படும் இக்கனிமம் நாராகப் பிரிகிறது. தீயைத் தாங்கும் அந்நார் மேன்மேலும் நுண்ணியதாகப் பிளவுபட்டு நுரையீரலின் ஆழம் வரை செல்லவல்லது. அதனால் விளையும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம். மூச்சில் ஏறும் நாளில் அறிகுறி எதுவும் தோன்றுவதில்லை. எனவே கட்டடத்தில் புழங்குவோர் அளவீட்டையே நம்ப வேண்டியுள்ளது. அவ்வளவீடு எதனை மெய்ப்பிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

ஜூசியூ வளாகம்

பாரிஸ் நகரின் ஜூசியூ வளாகம் 1960களில் எஃகுச் சட்டகத்தின்மீது எழுப்பப்பட்டது. தீ விபத்தில் எஃகு வளையாதிருக்க அதன்மீது கல்நார்க் கலவை தெளிக்கப்பட்டது. 1970களின் நடுப்பகுதியில், அங்குப் பணியாற்றிய ஆன்றி பெஸரா உள்ளிட்ட ஆய்வாளர்களே தம் தலைக்கு மேலிருந்த பூச்சின் ஆபத்தை வெளிப்படுத்தினர். ஆய்வுக்கூடமே ஆய்வுப்பொருளான அரிய நேர்வு இது. 1978இல் பிரான்சு இத்தெளிப்பு முறையைத் தடைசெய்தது. 1997 சனவரி முதல் கல்நார்ப் பயன்பாட்டையே பொதுவாகத் தடைசெய்தது. எனினும், 1996இல் தொடங்கிய அகற்றும் பணியும் புதுப்பித்தலும் முடிவுற 2016 ஆயிற்று.

காற்றை அளத்தல்

குறித்த அளவு காற்றை வடிதாள் வழியே உறிஞ்சி, அதில் தங்கும் நார்களை எண்ணுவதே முறை. தொழிற்கூடங்களில் பெரிதும் பயன்படும் கட்டவேறுபாட்டு ஒளி நுண்ணோக்கி, 5 மைக்ரோமீட்டருக்கு மேல் நீளமுள்ள நார்களை எண்ணும். ஆனால் அவை கல்நாரா வேறு நாரா எனப் பிரித்தறியாது. மிக மெல்லிய நார்களும் அதற்குத் தப்பிவிடும். ஆகவே கட்டடங்களுக்குப் பிரான்சு ஊடுருவு மின்னணு நுண்ணோக்கியை வகுத்தது. அங்கு வரம்பு லிட்டருக்கு 5 நார். அமெரிக்கத் தொழிலிட வரம்போ கன சென்டிமீட்டருக்கு 0.1, அதாவது லிட்டருக்கு 100. எண்ணும் கருவிகள் வேறாதலால் இவ்விரண்டையும் நேரடியாக ஒப்பிடலாகாது. காற்றோட்டத்தை அறியப் பயன்படும் கார்பன் டை ஆக்சைடு உணரி நார்களைப் பற்றி எதுவும் கூறாது.

எக்கருவியாயினும், முடிவு காற்றை உறிஞ்சிய அந்நேரத்திற்கே உரியது. மறுநாள் ஒருவர் பொய்க்கூரைப் பலகையை அகற்றிக் கம்பி இழுத்தால் நிலை மாறிவிடும். பிரெஞ்சு விதிமுறை பொருளின் நிலையை முதலில் மதிப்பிடச் செய்வது இதனாலேயே எனலாம். பூச்சின் சிதைவு, அதன்மீதுள்ள மறைப்பு, காற்றோட்டம், அதிர்வு ஆகியன நோக்கப்படுகின்றன. நல்ல நிலையிலுள்ள பூச்சு மூன்றாண்டுக்கு ஒருமுறை மீண்டும் மதிப்பிடப்படும். இடைநிலையிலுள்ளதற்கே காற்று அளவீடு. மிகச் சிதைந்ததெனின் அகற்றலோ மூடலோ நேரடியாகத் தொடங்கும்.

பதிவேடு

2001 முதல் அங்குக் கல்நார் இருக்குமிடங்களைக் குறிக்கும் பதிவேடும் கட்டாயமாயிற்று. பழுதுபார்க்க வருவோரிடம் அதனைக் காட்ட வேண்டும். தமிழகக் கல்வி வளாகங்களில் மிதிவண்டிக் கொட்டகைகளிலும் உணவகங்களிலும் காணப்படும் கல்நார் சிமெண்ட் தகடு வேறு வகையினது. அதில் நார்கள் சிமெண்டில் பிணைந்துள்ளன. ஆயினும் அறுக்கும்போதும் துளையிடும்போதும் அவை விடுபடும். எந்தக் கூரை எந்தத் தகட்டாலானது எனக் குறித்து, துளைக்கருவியோடு வரும் பணியாளரிடம் முன்னரே காட்டுவதற்கு மின்னணு நுண்ணோக்கி தேவையில்லை.