கடலில் அபயக் குரல்

2017-ஆம் ஆண்டு ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி மீனவர் பலர் ஆழ்கடலில் மாண்டதை நாம் மறத்தற்கில்லை. நடுக்கடலில் எழும் அபயக் குரல் கரைக்கு எட்டுவதில்லை. எட்டச் செய்யும் கருவியோ இன்று உளது. 406 மெகாஹெர்ட்ஸ் அலையில் அது விடுக்கும் குறிப்பைச் செயற்கைக் கோள்கள் ஏற்று மீட்பு நிலையத்துக்குச் சேர்ப்பிக்கின்றன. மின்கலம் 48 மணி நேரமேனும் உழைக்கும்.

ஆயினும், முறையறியாதான் கையில் கருவி பிரயோஜனப்படாது. அதன் கயிற்றை மூழ்கும் படகிலன்று, உயிர்காப்பு மிதவையிலேயே கட்டுதல் வேண்டும். ஏரியல் கம்பி திறந்த வானை நோக்கி நிமிர்ந்து நிற்றல் வேண்டும். மீட்போர் வருமளவும் அணைத்தலாகாது. உடையவர் பெயரும் படகின் விவரமும் முன்னரே பதிவாகியிருத்தல் அவசியம்.

ஆழ்கடல் செல்லும் படகுதோறும் கருவியும், மீனவர்க்குப் பயிற்சியும் அளிப்பது சர்க்காரின் கடமை. உயிர் போனபின் வழங்கும் நிவாரணத் தொகை இதற்கு ஈடாகாதென்பதே நமது துணிபு.