உஷார்! 'தைராய்டு நார்மல்' என்ற ரிப்போர்ட்டை நம்பி கழுத்துக் கட்டியை விட்டுவிடாதீர்கள்

கழுத்தின் முன்பக்கம் ஒரு கட்டி. எச்சில் விழுங்கினால் மேலே ஏறி இறங்குகிறது. வலி கிடையாது. பக்கத்து லேபில் ரத்தம் கொடுக்கிறார்கள். மறுநாள் ரிப்போர்ட்டில் டி3, டி4, டி.எஸ்.ஹெச். மூன்றும் நார்மல். "அப்பாடா, தைராய்டு இல்லை" என்று கட்டியை மறந்தே போகிறார்கள். எத்தனை வீடுகளில் இது நடக்கிறது!

தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். தைராய்டு புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த மூன்றும் நார்மலாகத்தான் இருக்கும். சுரப்பி கூடுதலாக வேலை செய்கிறதா, குறைவாகச் செய்கிறதா என்பதைத்தான் டி.எஸ்.ஹெச். சொல்லும். கட்டிக்குள் இருப்பது நல்ல செல்லா, கெட்ட செல்லா என்பதை அந்த ரத்தப் பரிசோதனையிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதற்கு ஸ்கேன் வேண்டும். ஸ்கேன் சந்தேகப்பட்டால் ஊசி டெஸ்ட் வேண்டும்.

டி.எஸ்.ஹெச்.சால் பயனே இல்லையா? உண்டு. அது குறைவாக இருந்தால், கட்டியே ஹார்மோனைச் சுரந்து தள்ளிக்கொண்டிருக்கலாம். நியூக்ளியர் ஸ்கேனில் அது 'ஹாட்' கட்டி என்று தெரிந்தால், புற்றாக இருப்பது மிக அரிது. ஊசி டெஸ்ட் பெரும்பாலும் தேவைப்படாது.

ஆனால் இந்த இடத்தில்தான் இன்னொரு கண்ணி இருக்கிறது. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? உடலுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம். கடையில் கிடைக்கும் மாத்திரையில் 5,000, 10,000 மைக்ரோகிராம்கூட இருக்கிறது. பல லேப் இயந்திரங்கள் ஹார்மோனை அளக்கும் முறையே பயோட்டினை வைத்துத்தான். ரத்தத்தில் அது நிறைந்திருந்தால் இயந்திரம் ஏமாந்துபோகும்: டி.எஸ்.ஹெச். பொய்யாகக் குறையும், டி3, டி4 பொய்யாக ஏறும். இல்லாத நோய்க்கு மருந்து ஆரம்பித்துவிடும் அபாயம் உண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்தக் குழப்பத்தைப் பற்றி 2017-லும் 2019-லும் எச்சரித்திருக்கிறது. எனவே டெஸ்டுக்குக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். பெரிய டோஸ் என்றால் எத்தனை நாள் என்று டாக்டரைக் கேளுங்கள். 'வெறும் விட்டமின்தானே' என்று மறைக்காதீர்கள்.

அடுத்தது 'ட்யூமர் மார்க்கர்'. தைரோகுளோபுலின் என்ற டெஸ்டைப் பார்த்துப் பயந்து வருபவர்கள் அதிகம். சாதாரண கழலையிலும், தைராய்டு அழற்சியிலும் அது ஏறும். கட்டி புற்றா, இல்லையா என்று கண்டுபிடிக்க அது உதவாது. புற்றுக்காகச் சுரப்பியை முழுவதும் எடுத்தபின், நோய் திரும்புகிறதா என்று பார்க்கத்தான் அது. அப்போதும் கூடவே அதற்கு எதிரான ஆன்டிபாடி டெஸ்டும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் எண் பொய்யாகக் குறைந்து காட்டலாம். கால்சிடோனின் வேறு கதை. மெடுல்லரி என்ற வகைப் புற்றில் அது ஏறும். குடும்பத்தில் யாருக்காவது அந்த வகை வந்திருந்தால், டாக்டரிடம் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். அந்தக் குடும்பங்கள் சிலவற்றில் அட்ரினல் சுரப்பியிலும் கட்டி இருக்கும். அதைப் பார்க்காமல் கழுத்தில் ஆபரேஷன் செய்தால், மேஜையிலேயே ரத்த அழுத்தம் எகிறி உயிருக்கு ஆபத்தாகலாம்.

இனி ஊசி. எஃப்.என்.ஏ.சி. என்று சீட்டில் எழுதியதுமே, "ஊசி குத்தினால் கேன்சர் பரவிடுமாம்" என்று யாராவது ஒருவர் கிளப்பிவிடுவார். அப்படிப் பரவுவது மிக மிக அரிது. இந்தப் பயத்தால் டெஸ்டைத் தள்ளிப்போடுவதுதான் உண்மையான ஆபத்து. இந்த ஊசி ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது. தோளுக்குக் கீழே தலையணை வைத்து, கழுத்தை நிமிர்த்திப் படுக்க வைப்பார்கள். ஸ்கேன் திரையில் ஊசி வெள்ளைக் கோடாகக் கட்டிக்குள் இறங்கும். "எச்சில் விழுங்காதீங்க, பேசாதீங்க" என்பார் டாக்டர். சில விநாடிகள் முன்னும் பின்னும் அசைத்து எடுத்து, ஒரு துளியைக் கண்ணாடி ஸ்லைடில் தேய்ப்பார்கள். இரண்டு மூன்று முறை குத்த வேண்டியிருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தாங்களாகவே நிறுத்தவும் கூடாது.

ரிப்போர்ட் 'பெதஸ்டா' என்ற எண்ணோடு வரும், 1 முதல் 6 வரை. அதிகம் பேர் சறுக்குவது 1-ல். '1 தானே, நல்லதுதானே' என்று நினைத்துவிடுகிறார்கள். அய்யோ, இல்லை! 1 என்றால் பார்க்கப் போதுமான செல் வரவில்லை என்று பொருள். தலா பத்து செல்லாவது கொண்ட ஆறு கூட்டங்கள் ஸ்லைடில் இருந்தால்தான் பொதுவாகக் கருத்துச் சொல்வார்கள். வெறும் ரத்தம் மட்டும் வந்திருந்தால், மறுபடி எடுத்தே ஆக வேண்டும். 2-தான் நல்ல செய்தி. அதில் புற்று இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அதிலும் ஸ்கேன் சந்தேகமாக இருந்தால் டாக்டர் திரும்பக் குத்தச் சொல்வார், மறுக்காதீர்கள். 6 வந்தால் ஏறக்குறைய உறுதி.

3-ம் 4-ம் சங்கடமானவை. ஃபாலிக்குலர் என்ற வகையில் நல்ல கட்டியும் புற்றும் ஊசியில் ஒரே மாதிரி செல்லைத்தான் தரும். கட்டியைச் சுற்றியுள்ள உறையை செல்கள் துளைத்திருக்கின்றனவா என்பதுதான் வித்தியாசம். ஊசியால் அதைப் பார்க்க முடியாது. கட்டியை எடுத்து முழுதாக ஆராய்ந்தால்தான் தெரியும். இதில் லேபைத் திட்டிப் பயனில்லை. 3 என்றால் பெரும்பாலும் ஊசியைத் திரும்பச் செய்வார்கள். 4 என்றால் பாதிச் சுரப்பியை மட்டும் எடுத்துப் பார்ப்பது வழக்கம். மரபணு டெஸ்ட் வசதி இருக்கும் இடங்களில் அதுவும் கைகொடுக்கும். "எதற்கு வம்பு, மொத்தமாக எடுத்துவிடுங்கள்" என்று நீங்களே அவசரப்படுத்தாதீர்கள். முழுதாக எடுத்தால் ஆயுள் முழுக்க மாத்திரை. குரல் நரம்பும் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் சுரப்பிகளும் பக்கத்திலேயே இருக்கின்றன.

அவசரத்தின் விலையை தென்கொரியா கொடுத்தது. அங்கே செக்கப்போடு கழுத்து ஸ்கேனையும் சேர்த்து ஏராளமானோருக்கு எடுத்தார்கள். 2011-ல் தைராய்டு புற்று கண்டறியப்பட்ட விகிதம் 1993-ல் இருந்ததைப்போல் 15 மடங்கானது. இறந்தவர்களின் எண்ணிக்கையோ மாறவே இல்லை. உயிரை எடுக்காத சின்னஞ்சிறு கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் சுரப்பியை இழந்தார்கள். அதனால் தொந்தரவே இல்லாதவர்கள் பேக்கேஜில் கழுத்து ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம். ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த எல்லாக் கட்டிக்கும் ஊசியும் வேண்டாம்; ஸ்கேனில் கட்டி எவ்வளவு சந்தேகமாகத் தெரிகிறது என்று சொல்லும் 'டைராட்ஸ்' மதிப்பெண்ணும் கட்டியின் அளவும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். மிகச் சந்தேகமான கட்டிக்கே பொதுவாக 1 செ.மீ. எல்லை.

ஆனால் கையில் தட்டுப்படும் கட்டி, வேகமாக வளரும் கட்டி, கல்போல் இறுகிய கட்டி, காரணமில்லாத குரல் கரகரப்பு, விழுங்குவதில் சிரமம், கழுத்தின் பக்கவாட்டில் நெறிக்கட்டு, சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு சிகிச்சை — இதில் ஒன்று இருந்தாலும் ரத்த ரிப்போர்ட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த வாரமே ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடமோ அறுவை சிகிச்சை நிபுணரிடமோ போய் அல்ட்ராசவுண்ட் எடுத்துவிடுங்கள்.