பச்சை லேசருக்குள் இன்னொரு ஒளி

மலிவான பச்சை லேசர் பாயின்டர் ஒன்று மங்கலாக எரிந்தால், பேட்டரி தீர்ந்திருக்கும் என்று அதன் முனைக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. செய்யவே கூடாத காரியம் அது.

இவ்வகைப் பாயின்டர்கள் பலவற்றில் பச்சை நேரடியாகப் பிறப்பதில்லை. உள்ளே இருக்கும் டயோடு 808 நானோமீட்டர் அகச்சிவப்பை உமிழ்கிறது. அது நியோடிமியம் கலந்த படிகத்தைத் தூண்ட, 1064 நானோமீட்டரில் லேசர் உண்டாகிறது. அதுவும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புதான். இன்னொரு படிகம் அந்த அலைநீளத்தைப் பாதியாக்கிய பிறகே 532 நானோமீட்டர் பச்சை வருகிறது. மாறாமல் மிஞ்சும் அகச்சிவப்பைத் தடுக்க ஒரு வடிகட்டி வேண்டும். விலையைக் குறைக்கச் சிலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். 2010இல் அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தர நிர்ணய நிறுவனம் ஆராய்ந்த 10 மில்லிவாட் பாயின்டர் ஒன்றில் பச்சை மங்கல். அகச்சிவப்போ ஏறக்குறைய 20 மில்லிவாட்!

கண்ணின் அமைப்பே இங்கே வினையாகிறது. 400 முதல் 1400 நானோமீட்டர் வரையிலான ஒளியைக் கருவிழியும் விழிவில்லையும் உள்ளே விடுகின்றன. 7 மில்லிமீட்டர் விரிந்த பாவை வழியாக நுழையும் கதிர், விழித்திரையில் சுமார் 20 மைக்ரோமீட்டர் புள்ளியாகக் குவிந்தால் அதன் செறிவு லட்சம் மடங்கைத் தாண்டும். விழித்திரையின் நிறமி அடுக்கிலுள்ள மெலனின் அதை உறிஞ்சிச் சூடாகிறது. வெப்பநிலை 10, 20 டிகிரி ஏறினாலே போதும், அங்குள்ள புரதம் முட்டையின் வெள்ளைக்கரு போல வெந்துவிடும். நேராகப் பார்த்தவருக்குச் சூடு விழுவது பார்வையின் நடுமையத்தில். எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் அந்தச் சின்ன இடத்தை நம்பித்தான்.

கூசும் வெளிச்சம் பட்டால் கால் நொடியில் இமை மூடிக்கொள்ளும். அகச்சிவப்புக்கு இமையும் மூடாது, பாவையும் சுருங்காது. விழித்திரையில் வலி உணரும் நரம்புகளும் இல்லை. பிரகாசமான பாயின்டராவது கண்ணை விரட்டிவிடும். மங்கலானது அதைக்கூடச் செய்யாது. பச்சைக்கென்று வாங்கிய பாதுகாப்புக் கண்ணாடி 1064ஐயும் தடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது. எந்த அலைநீளங்களுக்கு என்று அதன்மேல் எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும்.

கசிவைக் கண்டுபிடிக்க நிஸ்ட் ஆய்வாளர்கள் சொன்ன வழி எளிமையானது. துளையிட்ட தாள் வழியாக லேசரை ஒரு சிடியின்மேல் அடித்தால், அது அலைநீளங்களைத் தனித்தனியாகப் பிரித்துத் தாளின்மேல் புள்ளிகளாக வீசும். சிடியை நேரே பார்க்காமல் தாளை மட்டும் கேமராவில் படமெடுக்க வேண்டும். டிவி ரிமோட்டின் முனை மினுங்குவது தெரிகிற கேமராதான் இதற்கு உதவும். கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள் படத்தில் விழுந்தால், அந்தப் பாயின்டர் அகச்சிவப்பைக் கசியவிடுகிறது.