எரிச்சலுக்கு ஒரு ட்யூப்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலோ சிதம்பரம் மேலவீதியிலோ மெடிக்கல் ஷாப் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கூட்டம் கலையும்வரை ஒதுங்கி நின்ற ஒருவர் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, அரிப்புக்கு ஒரு ட்யூப்" என்பார். எங்கே என்று கடைக்காரர் கேட்க மாட்டார். கேட்டாலும் வந்தவர் சொல்ல மாட்டார். கைமாறுவது பெரும்பாலும் ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் எல்லாம் கலந்த க்ரீம்.

பூசியதும் எரிச்சல் அடங்கிவிடும். வினையே அதுதான். பிறப்புறுப்பிலும் தொடை இடுக்கிலும் தோல் மெல்லியது. ஸ்டீராய்டு சுலபமாக உள்ளே இறங்கும். வாரக்கணக்கில் தடவினால் தோல் மேலும் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும். படர்தாமரை இருந்தால் அமுங்கினாற்போல் போக்குக் காட்டிப் பரவும். க்ளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று மத்திய அரசு 2018-லேயே விதியைத் திருத்தியது. யார் சீட்டு கேட்கிறார்கள்?

இத்தனைக்கும், தாம்பத்திய உறவுக்குப் பின் வரும் எரிச்சல் பல நேரம் வெறும் சிராய்ப்புதான். ஈரம் போதாத அவசரம். பாலூட்டும் மாதங்களிலும் மாதவிடாய் நின்றபிறகும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வறட்சி கூடும். நம் வீடுகளில் 'உடம்புச் சூடு' என்று மோரைக் குடித்துவிட்டுப் பேச்சை முடித்துவிடுவார்கள். அந்த வறட்சி மோருக்கு அடங்காது.

சிராய்ப்பு என்றால், பிறப்புறுப்பின் வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் துணியால் ஒற்றினால் போதும். குளிர்ந்த ஈரத்துணி இதம் தரும். தளர்வான பருத்தி உள்ளாடை. ஆறும்வரை உறவு வேண்டாம். சோப்பும் டெட்டாலும் அங்கே ஆகாது: பெண்ணுறுப்பின் உட்புறம் இயல்பாகவே அமிலத்தன்மை கொண்டது, சோப்பு காரம். தேங்காய் எண்ணெயை வெளித்தோலில் தடவலாம். ஆணுறையோடு கூடாது, எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் கிழியும். ஆணுறைக்கு நீர் சார்ந்த ஜெல்லிதான் சரி. ஆணுறை போட்டாலே அரித்துத் தடித்தால் லேடெக்ஸ் அலர்ஜியா என்று பார்க்க வேண்டும்.

புண், கொப்புளம், தயிர்போல் வெள்ளைப்படுதல், நாற்றம், அடிவயிற்று வலி, சிறுநீர்க் கடுப்பு இருந்தால் ட்யூப் தேடாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். ஆண்களுக்கு முன்தோல் அடிக்கடி வெடித்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையும், ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து அரசிடம் வந்த அண்ணாமலை நகர் மருத்துவமனையும் பக்கத்திலேயே இருக்கின்றன. பால்வினைத் தொற்று என்று தெரிந்தால் கணவன் மனைவி இருவருமே மருந்து எடுக்க வேண்டும். மனைவியை உள்ளே அனுப்பிவிட்டுக் கணவர் பைக்கில் காத்திருந்தால், அடுத்த மாதமும் அதே சீட்டோடு வரவேண்டியிருக்கும்.