புயல் முன்னறிவிப்பும் ஃபோர்ட்ரான் கணக்கும்

2020-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் ஆம்பன் புயல் சுந்தரவனப் பகுதியில் கரையைக் கடந்தது. பவானிபூர் அமைந்துள்ள கொல்கத்தா மாநகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. எனினும், புயல் வருமுன்பே பல லட்சம் மக்கள் கரையோரங்களினின்று அப்புறப்படுத்தப்பட்டிருந்தனர். பவானிபூரை அடுத்த அலிப்பூரில் உள்ளதைப் போன்ற வானிலை நிலையங்கள் விடுக்கும் எச்சரிக்கைகளுக்குக் கணிப்பொறிக் கணக்குகளும் ஆதாரமாகின்றன. நாளைய புயலைக் கூறும் கணக்கு நாளை மறுநாள் முடியுமாயின் பயன் யாது?

இத்தகைய மாதிரிகள் பலவும் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்டவை. 1957-இல் ஜான் பாக்கஸ் குழுவினர் ஐ.பி.எம். 704 யந்திரத்திற்கென இம்மொழியை வெளியிட்டனர். சூத்திரங்களை யந்திரக் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர் என்னும் தொகுப்பி. கையால் எழுதிய கட்டளைகளுக்கு நிகரான வேகம் வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம்.

வேகத்தைப் பெறும் வழிகள் மூன்று. முதலாவது, எண்களை அடுக்கிய வரிசையிலேயே எடுத்தல். ஃபோர்ட்ரான் ஓர் அட்டவணையைப் பத்தி பத்தியாக நினைவகத்தில் வைக்கிறது. இன்றைய செயலிகள் பலவும் ஒரு தடவைக்கு 64 பைட், அதாவது எட்டு பைட் எண்கள் எட்டினை, ஒருங்கே கொணரும். நிரை நிரையாகப் படித்தால், பெரிய அட்டவணைகளில் ஒன்று பயன்பட்டு ஏழு வீணாகக்கூடும். ஆதலின் முதற் சுட்டெண் உட்சுழலில் ஓடுதல் வேண்டும்.

இரண்டாவது, தொகுப்பியின் சீராக்க நிலையை உயர்த்துதல். சைபர் நிலையில் அது ஏறக்குறைய எழுதியவாறே மாற்றும்; இரண்டாம், மூன்றாம் நிலைகளில் வீண் வேலையை நீக்கிச் சுழல்களைத் திருத்தும். மூன்றாவது, குறிப்பிட்ட செயலிக்கென்றே தொகுத்தல். அப்போது ஒரே கட்டளையில் பல எண்கள் கூட்டப்படும். ஆயின் அந்நிரல் பழைய யந்திரத்தில் ஓடாமற் போகலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். மிகை வேகத்தை வேண்டினால் தொகுப்பி கூட்டலின் வரிசையை மாற்றிவிடும். 1-க்குப் பின் 20 சைபர்கள் கொண்ட எண்ணிலிருந்து அதனையே கழித்து 1-ஐக் கூட்டினால் விடை 1. முதலில் 1-ஐக் கூட்டிப் பின்னர் கழித்தாலோ யந்திரம் தரும் விடை சைபர். ஏனெனில் அது சுமார் 16 இலக்கங்களையே காக்கிறது. எனவே முதலில் வரம்புச் சோதனையுடன் மெதுவாக ஓட்டி விடையைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் ஒவ்வொரு மாற்றத்திற்கும் நேரத்தையும் விடையையும் ஒப்பிடல் வேண்டும்.

இச்சோதனையை மாணவர்கள் சாதாரணக் கணிப்பொறியிலேயே செய்து பார்க்கலாம். தவறான விடை எத்துணை விரைவில் வரினும் அதனை நம்பிப் படகைக் கடலில் இறக்க இயலாது.