மலைநாட்டு வௌவால்களின் துயிலும் நோயும்

அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களிலே தை, மாசி மாதங்களின் விடியற் பொழுதுகள் கடுங்குளிருடையவை. சில நாட்களில் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்தே கருகிவிடும். அத்தகைய காலையில் லயத்துச் சுவரோரத்திலோ, தேயிலைத் தொழிற்சாலையின் இறவாரத்தின் கீழோ சிறிய வௌவால் ஒன்று அசைவற்றுக் கிடத்தல் கூடும். பெரியோர் அதனைச் செத்ததென்று கருதித் துடைப்பத்தால் ஒதுக்குவர். சிறுவரோ சிறகைப் பிடித்துத் தூக்கி விளையாட முற்படுவர். அது செத்ததா, உறங்குகின்றதா, நோயுற்றதா என்னும் வினாவுக்கு விடை காண்பது வெறும் பொழுதுபோக்கன்று. ஒரு குழந்தையின் உயிரே அவ்விடையைப் பொறுத்திருக்கலாம். ஆதலின் இதனை ஈண்டுச் சிறிது விளக்க விரும்புகின்றோம்.

இலங்கையில் ஏறத்தாழ முப்பது இன வௌவால்கள் உள்ளன. அவற்றை ஆராய்ந்து எழுதியோருள் முதன்மையானவர் டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் என்னும் தேயிலைத் தோட்டத் துரை. இலங்கை முலையூட்டிகளைப் பற்றிய அவருடைய கைந்நூல் 1935ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நம் வௌவால்களை இரு பெரும் பிரிவாக வகுத்து நோக்கலாம். மரங்களிற் கூட்டமாகத் தலைகீழாய்த் தொங்கும் பழந்தின்னிகள் ஒரு பிரிவு. கூரையிடுக்கு, குகை, மரப்பொந்து ஆகியவற்றில் ஒடுங்கி, இருளிற் பூச்சி பிடித்துண்ணும் சிறு வௌவால்கள் மற்றைப் பிரிவு. இச்சிறு வௌவால்கள் மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியால் இரையின் இடத்தை அறிகின்றன.

சில கிராம் எடையுள்ள உடலில் வெப்பத்தைக் காத்துவைத்தல் எளிதன்று. சிறு பாத்திரத்து வெந்நீர் விரைந்து ஆறுதல் போலவே சிறு உடலும் விரைந்து குளிரும். பூச்சி அகப்படாத காலத்தில் உடலைச் சூடாக வைத்திருப்பதற்கு வேண்டிய உணவுக்கு எங்கே போவது? குளிர்நாட்டு வௌவால்கள் இதற்குக் கண்ட வழியே மாரித்துயில். இலையுதிர் காலத்திற் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, அவை குகைகளுட் புகுந்து பல மாதங்கள் உறங்கும். அப்போது உடல் வெப்பம் குகையின் வெப்பநிலை அளவுக்கு இறங்கும். இதயத் துடிப்பும் மூச்சும் மிகவும் தளரும். இடையிடையே சில முறை விழித்து உடலைச் சூடேற்றிக்கொள்ளும். சேமித்த கொழுப்பிற் பெரும்பகுதி அச்சில விழிப்புக்களுக்கே செலவாகின்றது.

மலைநாட்டில் நிலை வேறு. நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பினும், ஆண்டின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவினது. பூச்சிகள் ஆண்டு முழுவதும் கிடைக்கின்றன. ஆகவே மாதக்கணக்கில் உறங்கவேண்டிய தேவை இங்கு இல்லை. ஆயினும் வெப்பவலயச் சிறு வௌவால்கள் பலவற்றிற் சில மணி நேர மந்தநிலை காணப்படுகின்றது. குளிர்ந்த நாளில் உடல் வெப்பத்தைத் தாழவிட்டு, மாலையில் மீண்டும் உயர்த்தி இரை தேடப் புறப்படும். இம்மந்தநிலையிலுள்ள வௌவாலைத் தொட்டால் அது குளிர்ந்திருக்கும். உடனே பறக்கவும் இயலாது. எனவேதான் காண்போர் அதனைச் செத்ததென மயங்குகின்றனர்.

துயிலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவில் நிகழ்ந்த பேரழிவு உணர்த்திற்று. 2006ஆம் ஆண்டில் நியூ யோர்க் மாநிலத்துக் குகையொன்றில், மூக்கில் வெண்படலம் படர்ந்த வௌவால்கள் முதன்முதலாகப் படம் பிடிக்கப்பட்டன. வெண்மூக்கு நோய் எனப்படும் இது, குளிரை விரும்பும் பங்கசு ஒன்றினால் உண்டாவது. துயிலும் வௌவாலின் உடல் குளிர்ந்திருக்கும். நோயெதிர்ப்பு ஆற்றலும் ஒடுங்கியிருக்கும். அவ்வேளையிற் பங்கசு தோலைத் துளைத்துப் பரவ, வௌவால் அடிக்கடி விழிக்கின்றது. கொழுப்பு வசந்தகாலத்துக்கு முன்னரே தீர்ந்துபோகப் பட்டினியால் மடிகின்றது. இவ்வாறு மடிந்தவை இலட்சக்கணக்கின. இப்பங்கசு 20 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வளர்வதில்லை. நுவரெலியாவின் குளிர் அதற்குப் போதியதே. எனினும் குளிர் மாத்திரம் இந்நோயைத் தந்துவிடாது. நீண்ட துயிலும் வேண்டும். இரவுதோறும் உடலைச் சூடேற்றிப் பறக்கும் வௌவாலிடத்து அப்பங்கசு நிலைகொள்ளல் அரிது. இலங்கையில் இந்நோய் கண்டறியப்பட்டதுமில்லை.

ஆனால், நாம் அஞ்சவேண்டிய நோய் வேறொன்று உண்டு. பேராதனைப் பூங்காவிற் கூட்டங்கூட்டமாகத் தொங்கும் பெரும் பழந்தின்னி வௌவால்களைப் பார்க்காதார் சிலரே. நோயுற்றும் இறந்தும் காணப்பட்ட அவ்வின வௌவால்களின் மூளையிலிருந்து புதிய வைரசு ஒன்று பிரித்தெடுக்கப்பட்டு, 2016ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அயலூராகிய கன்னொறுவையின் பெயரே அதற்கு இடப்பட்டது. அது விசர்நாய்க்கடி நோயை உண்டாக்கும் வைரசுக்கு நெருங்கிய உறவினது. இக்குடும்பத்து வைரசுக்கள் கடியாலும், காயத்திற் படும் எச்சிலாலும் பரவக்கூடியவை. நம் நாட்டில் விசர்நோயை மனிதருக்குத் தருவது பெரும்பாலும் நாயே. எனினும் வௌவாற் கடியையும் அற்பமெனத் தள்ளுதல் தகாது. நோய்க்குறிகள் தோன்றிய பின்னர் உயிர் பிழைத்தல் மிகமிக அரிது.

இனி முதல் வினாவுக்கு வருவோம். நிலத்திற் கிடக்கும் வௌவால் குளிரால் மந்தமுற்றதா, நோயால் நலிந்ததா என்பதைக் கண்ணாற் கண்டு எவராலும் துணிந்து கூறமுடியாது. இரண்டும் அசைவற்றே கிடக்கும். இரண்டும் தொட்டாற் கடிக்கும். ஆகவே நெறி ஒன்றே: வெறுங்கையால் தொடாதிருத்தல். சிறுவரையும் நாய் பூனைகளையும் விலக்கி, ஒரு பெட்டியால் மூடிவைத்து, மாலையில் தடித்த கையுறை அணிந்தோ மண்வெட்டியில் ஏந்தியோ உயரமான ஓரிடத்தில் விடலாம். மந்தமுற்றதாயின் சூடேறிப் பறந்துவிடும். கடியோ கீறலோ பட்டால், காயம் ஊசிமுனையளவினதாயினும், சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். அரசினர் வைத்தியசாலைகளில் தடுப்பூசி இலவசமாகவே கிடைக்கின்றது. தோட்டத்திலிருந்து பாதை நீண்டது, ஒரு நாட் சம்பளம் போய்விடும் என்றெண்ணிப் பயணத்தை ஒத்திவைத்தலே பேராபத்து.

இவ்வாறு கூறுவதால் வௌவால்களைக் கொன்றொழிக்கவேண்டுமென்று எவரும் கொள்ளற்க. தேயிலையைத் தாக்கும் இலைச்சுருட்டுப் புழு வளர்ந்து அந்துப்பூச்சியாகி இரவிற் பறப்பது. இரவிற் பறக்கும் அந்துப்பூச்சிகளும் வண்டுகளும் நுளம்புகளுமே சிறு வௌவாலின் உணவு. பழந்தின்னிகளோ காட்டு மரங்களின் விதைகளைப் பரப்புகின்றன. பெரும்பாலான வௌவால்கள் ஒருமுறைக்கு ஒரு குட்டியே ஈனும். அழிந்த கூட்டம் மீளப் பெருகப் பல்லாண்டு செல்லும். கூரையில் அவை தங்குதல் தொல்லையாயின், குட்டிகள் பறக்கத் தொடங்கிய பின்னர், எல்லாம் வெளியேறிய அந்திவேளையில் துவாரங்களை அடைத்தலே முறை. எச்சத்தை அகற்றுவோர் தூசி எழாதவாறு நீர் தெளித்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளல் நன்று.

நம் பழைய மாணவருட் பலர் ஆசிரியராகவும் வைத்தியராகவும் உத்தியோகத்தராகவும் மலைநாட்டிற் பணிபுரிந்தனர், இன்றும் பணிபுரிகின்றனர். “தொடாதே, கொல்லாதே, கடித்தால் உடனே கழுவி வைத்தியசாலைக்குப் போ” என்னும் இம்மூன்றையும் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறியச் செய்வார்களாயின், கல்லூரியிற் கற்ற விஞ்ஞானம் பயன்பட்டதென்று நாம் மகிழலாம்.