பின்பக்கத்து மரங்கள் யாருடையவை?

லவுடன் கவுண்ட்டியில் வீடு வாங்கிய ஒரு தமிழ்க் குடும்பம் எனக்குப் பழக்கம். வீடு பார்க்கப் போன அன்றே அவர்களை மயக்கியது பின்பக்கத்து டெக்தான். அதில் நின்றால் எதிரே ஓக் மரங்கள், விடிகாலையில் மான்கள். "இந்த மரமெல்லாம் எங்கேயும் போகாது" என்றார் விற்பனை ஏஜென்ட். இரண்டு வருடம் கழித்து ஒருநாள் மரங்களில் ஆரஞ்சு நாடா கட்டியிருந்தது. அடுத்த கோடையில் மரங்கள் இல்லை. இப்போது டெக்கில் உட்கார்ந்தால், பழைய ஃபிரிட்ஜ் ஒன்று பக்கத்து அறையில் ஓயாமல் ஓடுவதுபோல ஒரு ரீங்காரம். டேட்டா சென்டரின் குளிர்விப்பு விசிறிகள். யாரிடம் முறையிடுவது என்று அந்த வீட்டு நண்பர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். நாற்பது பேர் அழுமூஞ்சி பொம்மை போட்டார்கள்.

வர்ஜீனியாவின் வடக்கு ஓரத்தில், வாஷிங்டனுக்கு அருகே இருக்கிறது லவுடன். 1990இல் அங்கே 86,129 பேர். 2020இல் 4,20,959 பேர். உலகில் வேறெங்கும் இல்லாத நெருக்கத்தில் டேட்டா சென்டர்கள் இங்குள்ள ஆஷ்பர்னைச் சுற்றி நிற்கின்றன. இந்த வளர்ச்சியே வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வராது. அந்த வளர்ச்சியோடு வந்து இறங்கியவர்கள்தான் நாமும். 100 டாலர் மதிப்புக்கு 2024இல் 86.5 சென்ட்டாக இருந்த வீட்டு வரி, 2025இல் 80.5 சென்ட்டாக இறங்கியதிலும் டேட்டா சென்டர்கள் கட்டும் வரிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே கேட்க வேண்டியது, எது எங்கே வரும், எந்த நிபந்தனையோடு வரும், அதை முடிவு செய்யும்போது நாம் அங்கே இருந்தோமா என்பவைதான்.

முதலில் ஏஜென்ட் விஷயம். வர்ஜீனியாவில் வீடு விற்பவர், பக்கத்து நிலத்தில் என்ன வரலாம் என்று சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். கையெழுத்துப் போடும் காகிதக் கட்டில், பக்கத்து மனைகளின் மண்டல வகை (எங்கே என்ன கட்டலாம் என்ற ஜோனிங்) பற்றி விற்பவர் எந்த உறுதியும் தரவில்லை, வாங்குபவரே விசாரித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வாசகம் இருக்கும். நம்மில் எத்தனை பேர் அதைப் படித்தோம்? விசாரிக்க அதிக நேரமும் ஆகாது. லவுடன் கவுண்ட்டியின் 'வெப்லோகிஸ்' வரைபடத்தில் முகவரியைப் போட்டால் சுற்றியுள்ள மனைகளின் மண்டல வகை தெரியும். 'லோலா' என்ற தளத்தில் அந்த மனைகளுக்கு வந்திருக்கும் விண்ணப்பங்களைப் பார்க்கலாம். கிச்சன் கவுண்ட்டர் கிரானைட்டா குவார்ட்ஸா என்று விவாதிக்கும் நேரத்தில் பாதி போதும்.

அடுத்து, எல்லாக் கட்டடத்துக்கும் பொது விசாரணை நடக்காது. மண்டல வகையிலேயே அனுமதி இருந்தால் அது 'பை-ரைட்'. அதிகாரிகள் வரைபடத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதோடு முடிந்தது. உங்கள் கருத்தை யாரும் கேட்க மாட்டார்கள். லவுடனில் பல இடங்களில் டேட்டா சென்டர்கள் நீண்ட காலம் இப்படித்தான் எழும்பின. மக்கள் விடாமல் கேட்டதன் விளைவாக 2025 மார்ச்சில் கவுண்ட்டியை ஆளும் போர்டு அந்த வழியை அடைத்தது. இனி ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி, தனி விசாரணை. அதற்கு முன்பே அனுமதி வாங்கிவிட்டவற்றை அது தொடவில்லை. நம் நண்பரின் ரீங்காரம் அந்தக் கணக்கில் சேர்ந்தது.

விசாரணை உண்டென்றால் அறிவிப்பும் உண்டு. நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது இதைத்தான். வர்ஜீனியாச் சட்டப்படி ஒரு மனையின் மண்டலத்தை மாற்ற வேண்டுமானால் நாளிதழில் விளம்பரம் வர வேண்டும். ஒட்டியுள்ள மனைக்கும் சாலைக்கு நேர் எதிரே இருக்கும் மனைக்கும் குறைந்தது ஐந்து நாள் முன்பே கடிதம் போக வேண்டும். மூன்று வீடு தள்ளி இருந்தால் கடிதத்தை எதிர்பார்க்க முடியாது. வயல் ஓரத்தில் ஒரு அறிவிப்புப் பலகை நிற்கும். 45 மைல் வேகத்தில் கடக்கும்போது அதைப் படித்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

வெறும் சம்பிரதாயம்போலத் தெரியும் இந்த அறிவிப்புக்கு உள்ள வலுவைக் காட்ட இரண்டு வழக்குகள் போதும். லவுடனுக்குத் தெற்கே பிரின்ஸ் வில்லியம் கவுண்ட்டி. அங்கே மனாசஸ் உள்நாட்டுப் போர்க்களப் பூங்காவை ஒட்டிச் சுமார் 2,100 ஏக்கரில் 'டிஜிட்டல் கேட்வே' என்ற பெயரில் டேட்டா சென்டர் வளாகம் வரவிருந்தது. 2023 டிசம்பர் 12 காலையில் தொடங்கிய விசாரணை 27 மணி நேரம் ஓடியது. இரவெல்லாம் ஆட்கள் வரிசையில் நின்று பேசினார்கள். மறுநாள் நான்குக்கு மூன்று என்று போர்டு அனுமதி கொடுத்தது. ஜனவரியில் புதிய போர்டு பதவியேற்க இருந்த நேரம் அது. ஓக் வேலி வீட்டு உரிமையாளர் சங்கமும் அக்கம்பக்கத்தார் சிலரும் வழக்குப் போட்டார்கள். 2025 ஆகஸ்ட்டில் சர்க்யூட் நீதிமன்றம் அந்த அனுமதியே செல்லாது என்றது. காரணம் போர்க்களமும் இல்லை, சத்தமும் இல்லை. நாளிதழ் அறிவிப்பு சட்டம் கேட்டபடி வரவில்லை என்பதுதான். எதிர்த்தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது.

இதில் மகிழ்ந்து கைதட்டுமுன் லவுடனின் பழைய கதையையும் கேளுங்கள். 1999 தேர்தலில், வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுவோம் என்றவர்களை மக்கள் போர்டுக்கு அனுப்பினார்கள். அந்த போர்டு 2003இல், மேற்குப் பகுதி விவசாய நிலங்களில் 10, 20, 50 ஏக்கருக்கு ஒரு வீடுதான் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2005இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. விளம்பரத்தில் திட்டத்தின் சுருக்கம் சரியாகச் சொல்லப்படவில்லையாம். அங்கே வழக்குப் போட்டவர்கள் கட்டுப்பாட்டை எதிர்த்தவர்கள். அரிவாளுக்கு யார் கை என்பது தெரியாது. நமக்குப் பிடித்த முடிவு வரும்போதும் அறிவிப்பு சரியாக வந்ததா என்று பார்ப்பது நம் வேலைதான்.

நீதிமன்ற வாசல் எல்லோருக்கும் திறக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் சொத்து அருகில் இருக்க வேண்டும், ஊருக்குப் பொதுவான நஷ்டத்துக்கு மேல் உங்களுக்கென்று தனி நஷ்டம் காட்ட வேண்டும். போர்டு முடிவெடுத்து 30 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். முப்பத்தோராம் நாள் வக்கீலைத் தேடுவது வீண். தனி ஆளால் செலவு தாங்காது. எச்ஓஏ என்ற வீட்டு உரிமையாளர் சங்கம் என்றாலே புல் உயரத்துக்கு அபராதம் போடுவது என்று முகம் சுளிக்கிறோம். ஓக் வேலியில் முன்னால் நின்றது அப்படி ஒரு சங்கம்தான். வருடாந்தரக் கூட்டத்துக்குப் போங்கள்.

வழக்கைவிட மலிவானது காகிதம். வர்ஜீனியாவின் தகவல் சுதந்திரச் சட்டப்படி கோப்பைக் கேட்டால் ஐந்து வேலைநாளுக்குள் பதில் தர வேண்டும். கூடுதலாக ஏழு வேலைநாள் அவகாசம் எடுத்துக்கொள்ளலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. ஊரில் ஆர்டிஐ போட்டு 30 நாள் காத்திருந்தவர்களுக்கு இது வேகம்தான். நகல் எடுக்கும் செலவைக் கேட்பார்கள், முன்கூட்டியே தொகையைச் சொல்லச் சொல்லுங்கள்.

கோப்பைப் படித்துவிட்டு விசாரணைக்குப் போனால் பேச்சே மாறும். கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். "எங்கள் அமைதி போச்சு" என்று முடித்தால் போர்டு உறுப்பினர் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். ஜெனரேட்டர் சோதனையைப் பகலில் மட்டும் நடத்த வேண்டும், வேலிக்கும் சுவருக்கும் இத்தனை அடி விட வேண்டும், எல்லையில் மரம் வெட்டக்கூடாது என்று கேளுங்கள். கட்டுபவர் இவற்றை 'பிராஃபர்' ஆக எழுதிக் கொடுத்து, மண்டல மாற்றத்தோடு போர்டு அதை ஏற்றுக்கொண்டால், நிலம் கைமாறினாலும் அது நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். மீறினால் கவுண்ட்டியிடம் புகார் கொடுக்க எழுத்தில் ஆதாரம் உண்டு.

எல்லாவற்றுக்கும் கவுண்ட்டியை மட்டும் குடையவும் கூடாது. வர்ஜீனியாவில் மாநிலம் கொடுத்த அதிகாரம் மட்டுமே கவுண்ட்டிக்கு. உயர் அழுத்த மின்கம்பிகள் எந்த வழியாகப் போகும் என்பதை ரிச்மண்டில் இருக்கும் மாநிலக் கார்ப்பரேஷன் கமிஷன் தீர்மானிக்கிறது. டேட்டா சென்டர்களுக்கான விற்பனை வரி விலக்கும் ரிச்மண்டில் உருவானதுதான். அந்த விலக்கு பற்றிய கடிதங்கள் மாநில சட்டமன்ற உறுப்பினருக்குப் போக வேண்டும்.

"நான் ஹெச்-1பி, எனக்கெதற்கு வம்பு?" என்று கேட்பவர்கள் நம்மில் அதிகம். ஓட்டுப் போட முடியாது, உண்மை. ஆனால் சொத்து வரி கட்டுகிறீர்கள், பேச்சுரிமை உங்களுக்கும் உண்டு. பொது விசாரணையில் பேசப் பெயர் கொடுக்கும்போது விசாவைக் காட்டச் சொல்வதில்லை. குடியுரிமை வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு தேதி: 2027 நவம்பரில் லவுடன் போர்டின் ஒன்பது இடங்களுக்கும் தேர்தல். அதுவரை காத்திருக்காமல் இன்றைக்கே கவுண்ட்டியின் மின்னஞ்சல் அறிவிப்புப் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்த்துவிடுங்கள், காசு கேட்க மாட்டார்கள்.